அப்பாவின் ஜெபம் எங்களுக்குத் தெரியாது

அப்பா மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை. பேச்சைச் சொல்லவில்லை, அது போய்விட்டது என்று டாக்டர் முதல் நாளே கையை விரித்துவிட்டார். நான் சொல்வது சாப்பாட்டை. மூளையில் ரத்தம் அடைத்ததில் பேச்சும் வலது கையும் போயின. விழுங்குவது போகவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்து, தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, கெட்டியாக்கின தண்ணீரைக் கரண்டியால் கொடுத்துப் பார்த்தாள். "நல்லா விழுங்குறாரு. மசிச்ச சாப்பாடு குடுங்க" என்று எழுதிவைத்துவிட்டுப் போனாள். தட்டு வந்தது. அப்பா உதட்டைப் பூட்டிக்கொண்டார்.

கொஞ்சிப் பார்த்தோம். மிரட்டிப் பார்த்தோம். அம்மா வீட்டிலிருந்து உருளைக்கிழங்கும் காரட்டும் வேகவைத்து, கட்டி இல்லாமல் மசித்து, இரண்டு தடவை வடிகட்டிக் கொண்டுவந்தாள். அதற்கும் அதே பூட்டுதான். மூன்றாம் நாள் காலையில் நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்போம்க்கா. அப்பவும் சாப்பிடலைன்னா மூக்கு வழியா குழாய் போட்டுடச் சொல்லியிருக்காங்க."

"அவரு பிடுங்கிப் போட்டுடுவாரே."

"பிடுங்கினா அந்த இடது கையைக் கட்டத்தான் வேணும். வேற வழி இல்லக்கா."

அவருக்கு மிச்சம் இருந்ததே அந்த ஒரு கைதான். அதையும் கட்டிலோடு கட்டிவைக்கப் போகிறார்கள்.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா பஸ் ஓட்டினார். அம்மா அதே டிப்போவில் டிக்கெட் கவுண்டரில் இருந்தாள். அப்பாவுக்கு இயேசு, அம்மாவுக்கு முருகன். இரண்டு பேர் வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவர்கள், படிக்கட்டில் நின்றபடியே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்களாம். உங்க சாமி பக்கம் நான் வரமாட்டேன், என் சாமி பக்கம் நீங்க வரக் கூடாது. நாற்பத்து நான்கு வருஷம் அந்த ஒப்பந்தத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. கூடத்தில் ஒரு சுவர் அம்மாவுக்கு, எதிர்ச் சுவர் அப்பாவுக்கு. நடுவில் டிவி இருந்தது. நான் டிவி பார்த்து வளர்ந்தேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போவேன், ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சர்ச்சுக்குப் போவேன். இரண்டு இடத்திலும் என் கன்னத்தைக் கிள்ளி, "அந்தப் பொண்ணுதானே?" என்று கேட்பார்கள். அந்தப் பெண் என்றால் எந்தப் பெண் என்று ஒருவரும் விளக்கியதில்லை. பரீட்சையில் பாஸாகி வந்தால் வீட்டில் இரண்டு பேரும் என் முகத்தையே பார்ப்பார்கள், நான் எந்தச் சுவர்ப் பக்கம் திரும்பி நன்றி சொல்லப் போகிறேன் என்று. வாயைத் திறந்து கேட்கமாட்டார்கள். கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். அவர்கள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு பக்கம் திரும்பினால் மறுபக்கத்து முகம் சுருங்கிவிடுமோ என்ற பயத்தில் நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொள்வேன்.

பத்தொன்பது வயதில், எனக்கு இரண்டுமே வேண்டாம் என்று கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "சரிம்மா" என்றார்கள். அந்தச் சரிக்காக நான் ஒரு வாரம் அவர்களோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னால், வேண்டாம் என்பது பொய். எனக்கு வேண்டியிருந்தது. எங்காவது போய்க் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து உட்கார வேண்டும்போல அடிக்கடி இருக்கும். எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற கூச்சம்தான் வந்தது. இரண்டும் கெட்டானாகவே நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் நான்தான் ஊட்டினேன். கரண்டியை எடுத்தவுடன் அப்பா கண்ணை மூடினார். பிடிவாதம் ஆரம்பித்துவிட்டது என்று எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவருடைய இடது கை போர்வைக்குள் எதையோ தேடியது. தேடி, செத்த மாதிரி கிடந்த வலது கையைப் பிடித்துத் தூக்கி, நெஞ்சுமேல் வைத்து, அதன்மேல் தன்னைச் சேர்த்துக்கொண்டது. உதடு அசைந்தது. "அ... அ..." என்றார். நின்றது. மறுபடி "அ..." என்றார். முகம் சிவந்தது. இடது கை முஷ்டியாகி மெத்தையில் ஓங்கிக் குத்தியது. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்குப் பொறி தட்டியது. எங்கள் வீட்டில் அப்பா ஜெபம் சொல்லாமல் ஒரு கரண்டியும் அசைந்ததில்லை. தண்ணீருக்கு ஜெபம் கிடையாது, மாத்திரைக்குக் கிடையாது. சாப்பாட்டுக்கு உண்டு. மனுஷர் சாப்பிட மறுக்கவே இல்லை. ஜெபம் முடியாமல் சாப்பிட முடியாது என்று மூன்று நாளாகப் போராடிக்கொண்டிருக்கிறார்.

"அம்மா, அப்பா ஜெபம் பண்ணப் பாக்குறாரும்மா!"

"தெரியும்டி" என்றாள் அம்மா, தட்டை மூடியபடி.

"தெரியுமா? தெரிஞ்சுகிட்டா சும்மா இருந்த?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? எனக்கு அது சொல்லத் தெரியாதே."

"நாப்பத்து நாலு வருஷம் பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கியேம்மா!"

"எங்க கேட்டேன்? அவரு கண்ண மூடினதும் நான் எனக்குள்ள முருகா முருகான்னு சொல்ல ஆரம்பிச்சிடுவேன். அவரும் அவரு சாமியும் பேசிக்கிறத நான் ஒட்டுக் கேக்கலாமா? நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, "நீதான் கேட்டிருப்பன்னு நினைச்சேன்" என்றாள்.

நான் எங்கே கேட்டேன். அப்பா முணுமுணுக்கும்போதெல்லாம் பாத்திரத்தின் மூடியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் "அன்பான ஆண்டவரே" வரும், கடைசியில் "ஆமென்" வரும். நடுவில் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு சொல்கூட ஞாபகத்தில் இல்லை. தினமும் எங்கள் காதுக்குப் பக்கத்தில் சொன்ன ஜெபம்! மரியாதையில் அம்மா கேட்கவில்லை, வீம்பில் நான் கேட்கவில்லை. இப்படி ஒரு குடும்பம் வேறு எங்காவது இருக்குமா என்று தெரியவில்லை.

சாயங்காலம் சர்ச்சிலிருந்து போதகரைக் கூப்பிட்டோம். தங்கமான மனுஷர், உடனே வந்தார், கட்டில் பக்கத்தில் நின்று உருக்கமாக ஜெபித்தார். அப்பா கண்ணில் தண்ணீர் வந்தது. போதகரின் கையை இடது கையால் பிடித்துக் குலுக்கினார். நான் ஆசையோடு கரண்டியை நீட்டினேன். அப்பா தலையை ஆட்டிவிட்டார்.

"வீட்டுச் சாப்பாட்டுக்கு வீட்டாளுதான் சொல்லணும்னு அவருக்கு ஒரு சட்டம்" என்று அம்மா போதகரிடம் கூச்சத்தோடு விளக்கினாள். "நீங்க நம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்தப்பகூட இவருதானே சொன்னாரு."

போதகர் என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் செருப்பைத் தேடினேன், கால் தானாகவே போயிற்று.

மறுநாள் காலையில் அரை ஷிப்டுக்குப் போக வேண்டியிருந்தது. நான் ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். நீள மேசையில் துணியை அறுபது அடுக்காக விரித்து, மேலே சட்டை வடிவம் வரைந்த அச்சுக் காகிதத்தைப் பரப்பி, ஓரத்தில் கவ்விகளைப் போட்டு, கம்பிக் கையுறையை மாட்டிக்கொண்டு மெஷினை ஓட்டுகிற வேலை. ஓர் இடத்தில் கை தவறினால் அறுபது சட்டைக்கும் கை போகும். தொழிலும் வாயும் ஒரே மாதிரி என்பதால் அங்கே எனக்குப் பெயர் கத்திரி. அன்றைக்கு அடுக்கு தயாராகிறவரை, அச்சுக் காகிதத்தின் கிழிசலில் பென்சிலால் ஒரு ஜெபம் எழுதினேன். போதகர் சொன்னதில் ஞாபகம் இருந்ததையும், சின்ன வயதில் சர்ச்சில் கேட்டதையும் அளவெடுத்து ஒட்டுப்போட்டேன். பரலோகம், கிருபை, ஆசீர்வாதம் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன.

இஸ்திரிப் பிரிவில் இருக்கிற மீசைக்காரர் அந்தப் பக்கம் வந்தவர் எட்டிப் பார்த்தார். முழுவதையும் படித்தார்.

"யாரு எழுதினது?"

"நான்தான். ஏன்?"

"இல்ல கத்திரி, நீ இப்பிடிப் பேசி நான் கேட்டதே இல்லையே, அதான்."

"உங்க வேலையப் பாருங்கண்ணே, அங்க சட்டை கருகுது" என்று விரட்டினேன். சட்டை ஒன்றும் கருகவில்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் வந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த தட்டில் உறை பிரிக்காத குழாய் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் ஒரு துணிப்பட்டை. அது எதற்கென்று நான் கேட்கவில்லை. "கடைசியா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சிஸ்டர்" என்று கெஞ்சினேன். அவள் சரியென்று ஓரமாக நின்றாள். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் போய் நின்றாள். ஒட்டுக் கேட்கமாட்டாள்.

அப்பா கண்ணை மூடினார். நான் காகிதத்தைப் பிரித்து, குரலைத் தழைத்துக்கொண்டு, போதகர் மாதிரியே வாசித்தேன். பாதிக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். அப்பா ஒற்றைக் கண்ணைத் திறந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சின்ன வயதில் பல் தேய்த்துவிட்டேன் என்று பொய் சொன்னால் இப்படித்தான் பார்ப்பார். கண்ணை மறுபடி மூடிக்கொண்டார். உதடும் மூடியே இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம். அப்பாமேல் இல்லை, நர்ஸ்மேல் இல்லை. காகிதத்தைக் கசக்கித் தரையில் போட்டேன்.

"இங்க பாருங்க" என்றேன். யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. "உங்க பேரு என்னன்னு எனக்குத் தெரியாது. எங்க வீட்டுல ரெண்டு பேரு இருக்கு. எதைச் சொன்னாலும் இந்த ரூம்ல ஒருத்தருக்கு வலிக்கும், அதனால பேரு வேண்டாம். இந்த மனுஷன் உங்ககிட்ட சொல்லாம ஒரு வாய் சாப்பிட்டதில்ல. பஸ்ஸ நிறுத்திட்டு, ஸ்டியரிங்மேல டப்பாவ வச்சிட்டு, பின்னால ஜனங்க நேரமாச்சு நேரமாச்சுன்னு கத்தக் கத்தக் கண்ண மூடி உங்ககிட்ட பேசிக்கிட்டு இருப்பாரு. அப்பிடிப்பட்ட ஆளுகிட்டேர்ந்து பேச்சையா பிடுங்குவீங்க? உங்களுக்கே இது நல்லாருக்கா? காலை எடுத்திருக்கலாம். ரிட்டையர் ஆனதுலேர்ந்து அவரு அதை உபயோகிக்கிறதே இல்ல."

அப்பாவிடமிருந்து ஏதோ சத்தம் வந்தது. நான் கவனிக்கவில்லை.

"சரி, எடுத்தாச்சு. இப்ப நான் பேசுறேன். எனக்கு உங்களோட பழக்கம் இல்ல. பக்கத்துல வராமலே இருந்துட்டேன். வந்தா எந்தப் பக்கம் உக்காரணும்னு தெரியல, அதான். வேற ஒண்ணும் இல்ல. உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு, அதை அப்புறம் பேசிக்கலாம். இது நல்ல சாப்பாடு. எங்கம்மா நின்னு நின்னு மசிச்சது. இது இவரு வயித்துக்குள்ள போகட்டும். அவரு கையைக் கட்ட விடாதீங்க. தயவுசெஞ்சு. அவ்வளவுதான்."

எப்படி முடிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"ஆமென்" என்று ஒரு குரல் கேட்டது. ஜன்னலிலிருந்து வந்தது. அம்மா. திரும்பவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். படிக்கட்டில் நின்று போட்ட ஒப்பந்தத்தை நாற்பத்து நான்கு வருஷம் கழித்து ஒற்றைச் சொல்லில் உடைத்துவிட்டாள்.

அப்பா அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தின் ஒரு பாதி சிரித்தது, மறு பாதியால் முடியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினோரு கரண்டி போயிற்று. நர்ஸ் குழாய்த் தட்டை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனாள்.

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அழுதுகொண்டே ஊட்டினேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதில் வெட்கம் என்ன. பேசி முடித்தபோது யாரோ கேட்டுவிட்டமாதிரி எனக்கு இருந்தது. அப்பாவும் அம்மாவும் நர்ஸும் கேட்டார்கள்தான். அவர்களைத் தவிர.

அன்றிலிருந்து அது என் தலையில் விழுந்தது. காலையும் மாலையும் நேரில் போய்ச் சொன்னேன். மத்தியானத்துக்கு அம்மா போன் போட்டு அப்பாவின் காதில் வைப்பாள். நான் மெஷினை நிறுத்திவிட்டு, ஒரு கையில் கம்பிக் கையுறையோடு, துணி மூட்டைகளுக்கு நடுவில் நின்று பேசுவேன். மனப்பாடம் செய்யத் தெரியாததால் தினமும் வேறு வேறாக வரும். சில நாள் புகார், சில நாள் செய்தி. "இன்னைக்கு விரலை அசைச்சாரு, பாத்தீங்களா?" என்பேன். சில நாள் ஒன்றுமே தோன்றாமல் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பேன். அதையும் ஜெபம் என்று ஏற்றுக்கொண்டு அப்பா சாப்பிட்டுவிடுவார். மீசைக்காரர் அந்த நேரத்தில் இஸ்திரிப்பெட்டியின் ஆவியைக் கொஞ்சம் அடக்கிவைப்பார். காரணம் கேட்டால் சொல்லமாட்டார்.

ஒருநாள் அம்மா முன்னதாகவே கூப்பிட்டாள். "இன்னைக்கு நடைப் பயிற்சி இழுக்குதுடி. ரெண்டு மணி ஆகும். நீ சாப்பிட்டுடு." சரியென்று டப்பாவைத் திறந்தேன். நல்ல பசி. கையை உள்ளே வைத்தேன், எடுத்து வாயில் போட வரவில்லை. அப்பாவுக்காகத்தான், அப்பாவுக்காகத்தான் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது போனும் இல்லை, அப்பாவும் இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தேன். கண்ணை மூடி, வாய்க்குள்ளேயே நாலு வார்த்தை சொன்னேன். அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற கூச்சம் வரவில்லை. அது வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தேன். பிறகு சாப்பிட்டேன்.

அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்து மூன்றாம் மாதம் பேச்சு திரும்பத் தொடங்கியது. முதலில் "போதும்" வந்தது, பிறகு "தண்ணி", பிறகு கோபம் வந்தால் மட்டும் தெளிவாக இரண்டு கெட்ட வார்த்தைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தோம். நான் ஆரம்பிப்பதற்காகத் தொண்டையைச் செருமினேன். அப்பாவின் இடது கை வலது கையைத் தேடி எடுத்துக்கொண்டது.

"அன்பான... ஆண்டவரே" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு சொல்லாக வந்தது, மேட்டில் ஏறும் பழைய பஸ் மாதிரி. நடுவில் நின்றது, மறுபடி கிளம்பியது. அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் உதடு அசையவில்லை. கண்ணைத் திறந்துவைத்து, கழுத்தை நீட்டி, அப்பட்டமாக ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சமைச்ச கைக்கு... ஸ்தோத்திரம். அந்தக் கை... நோகாம... பாத்துக்கும். என் பிள்ளைக்கு... நல்ல பசி... குடும். ஆமென்."

அவ்வளவுதான். நடுவில் இருந்தது இதுதான். நாற்பது வருஷத்துக்கு மேலாக அம்மாவின் கைக்காகவும் என் பசிக்காகவும் வேண்டிக்கொண்டிருக்கிறார், நாங்கள் இரண்டு பேரும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்காமல் இருந்திருக்கிறோம். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சத்தமாச் சொல்லியிருந்தா என்னவாம்?" என்று சண்டைக்குப் போனாள்.

இனி என் வேலை இல்லை என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வேலையை விட்டு அனுப்பிவிட்டமாதிரி இருந்தது. கரண்டியை எடுத்தேன். அப்பா எடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா? சாப்பிடுங்க. அதான் சொல்லியாச்சே."

அவர் இடது விரலால் மேசையில் என் பக்கமாக ஒரு தட்டுத் தட்டினார். "நீ" என்றார்.

"நீங்கதான் சொல்லிட்டீங்களே."

"என்னது... சொன்னேன். உன்னது?"

அம்மாவும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். கண்ணை மூடினேன். திட்டுவதற்குத் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. கேட்பதற்குத் தேடினேன், அதுவும் இல்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

"நான்தான்" என்றேன். "இன்னைக்கு ஒண்ணும் விசேஷம் இல்ல. சும்மாதான் வந்தேன்."

அப்பா கரண்டியை எடுத்தார்.